விதியா, வீதியா?

எங்கள் வீட்டில் ஒரு வழக்கு நெடுநாளாக முடியாமல் கிடக்கிறது. அம்மா "எல்லாம் விதி" என்பார். நாங்கள் "இல்லையம்மா, வீதி" என்போம். ஒரு சுழிதான் வித்தியாசம். அந்த ஒரு சுழிக்குள் எவ்வளவு இருக்கிறது என்று விளங்கிக்கொள்ள எங்களுக்கு ஐந்து வருடங்கள் சென்றன. புதிதாக இந்த நாட்டுக்கு வந்து வீடு, வேலை, பள்ளிக்கூடம் என்று ஓடித் திரியும் குடும்பங்கள் எங்களைப்போல அவ்வளவு காலம் எடுக்கக்கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறோம். இதில் எங்கள் பிழையும் இருக்கிறது. அதையும் மறைக்காமல் சொல்கிறோம்.

ரொறன்ரோவின் கிழக்கே, ஸ்காபரோவில், ஒரு பெருவீதியின் ஓரத்தில் எங்கள் அடுக்குமாடிக் கட்டடம் இருக்கிறது. நடுவிலுள்ள திரும்பும் லேனையும் சேர்த்தால் வீதிக்கு ஏழு லேன்கள். பஸ் தரிப்பு எதிர்ப்பக்கத்தில். ஒரு சிக்னலுக்கும் அடுத்த சிக்னலுக்கும் இடையில் ஏறத்தாழ 700 மீற்றர். பஸ் தரிப்பு இரண்டுக்கும் நட்டநடுவில். முறையாகக் கடக்க வேண்டுமானால் 350 மீற்றர் நடந்து போய், சிக்னலில் கடந்து, மறுபக்கத்தால் 350 மீற்றர் திரும்பி வரவேண்டும். 72 வயதில், கையில் மரக்கறிப் பையோடு, வீட்டு வாசல் கண்ணுக்கு முன்னால் தெரியும்போது யார் அப்படிச் சுற்றி வருவார்கள்? எங்கள் கட்டடத்தில் ஒருவரும் வருவதில்லை. அம்மாவும் வருவதில்லை.

2018 ஆம் ஆண்டு நவம்பர் மாதம். மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் பின்னுக்கு வைத்து ஒரு கிழமைதான் ஆகியிருந்தது. பின்னேரம் 5.30 மணிக்கே நல்ல இருட்டு. கோவிலுக்குப் போன அம்மா பஸ்ஸால் இறங்கி, வழமைபோல இரண்டு பக்கமும் பார்த்து நடக்கத் தொடங்கினார். நான்காவது லேனைத் தாண்டும்போது ஒரு சிறிய கார் அவரை இடித்துத் தள்ளியது.

காரை ஓட்டியவர் இருபத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு தம்பி. ஓடிவந்து தூக்கியிருக்கிறார். அம்மா "ஐயோ முருகா" என்றபோதுதான் தமிழ் ஆட்கள் என்று இருவருக்கும் தெரிந்திருக்கிறது. நாங்கள் கீழே ஓடிப் போனபோது அம்மா நடைபாதை ஓரத்தில் இருந்தார். அந்தத் தம்பிதான் அம்மாவைவிட அதிகமாக நடுங்கிக்கொண்டிருந்தார்.

"அண்ணை, அக்கா, உங்களைக் கும்பிடுறன். பொலிசுக்கு மட்டும் சொல்லாதேங்கோ. என்ரை கேஸ் இன்னும் முடியேல்லை. இன்சூரன்ஸ் ஏறினால் நான் வேலைக்குப் போகேலாது. அம்மாவின்ரை செலவெல்லாம் நான் பாக்கிறன்."

நாங்களும் கேஸ் போட்டுக் காத்திருந்து வந்தவர்கள். அந்தச் சொல்லின் பாரம் எங்களுக்குத் தெரியும். அம்மாவும், "பாவம், பிள்ளையைப் போகவிடுங்கோ. எனக்கு ஒண்டுமில்லை" என்றார். நாங்கள் போகவிட்டோம். ஒரு நல்ல காரியம் செய்ததாகவே அன்றிரவு நினைத்தோம்.

மூன்றாம் நாள் அம்மாவால் கால் ஊன்ற முடியவில்லை. மருத்துவமனையில் படம் எடுத்துப் பார்த்தபோது இடுப்பெலும்பில் வெடிப்பு. ஐந்து நாட்கள் அங்கே வைத்திருந்தார்கள். எப்படி நடந்தது என்று தாதி கேட்டபோது நாங்கள் ஒருவரையொருவர் பார்த்தோம். "படியில் வழுக்கி விழுந்துவிட்டார்" என்று சொன்னோம். அவர் அதை எழுதிக்கொண்டார். அம்மாவை இடித்த கார், எங்கள் வாயால் ஒரு படிக்கட்டாக மாறிவிட்டது.

அந்தத் தம்பியைக் குறை சொல்ல முடியாது. திராட்சைப் பழமும் ஹோர்லிக்ஸும் வாங்கிக்கொண்டு இரண்டு, மூன்று முறை வீட்டுக்கு வந்தார். ஒருநாள் தேநீர் குடித்துக்கொண்டிருக்கும்போது தானாகவே சொன்னார்: "அண்ணை, நான் வேகமா வரேல்லை, அறுபதுதான். எனக்கு முன்னாலை ஒரு வான் போனது. அது விலத்தினாப் பிறகுதான் அம்மாவைக் கண்டனான். அந்த இடத்திலை லைற்றும் எரியேல்லை." அந்த வீதியின் வேக எல்லை அப்போது மணிக்கு 60 கிலோமீற்றர். அவர் சட்டப்படிதான் வந்திருக்கிறார். அவர் சொன்னதைக் கேட்டுத் தலையாட்டிவிட்டு விட்டுவிட்டோம். அது எவ்வளவு பெறுமதியான சாட்சி என்று அப்போது எங்களுக்குத் தெரியாது.

அடுத்த வருடம் இலையுதிர் காலத்தில், எங்கள் பகுதி நூலகத்தில் வீதிப் பாதுகாப்புப் பற்றி ஒரு கூட்டம் நடந்தது. மகள் பள்ளிக்கூடத்தால் ஒரு துண்டுப் பிரசுரம் கொண்டுவந்திருந்தாள். அம்மாவின் நினைவோடு போனோம். நகரசபைப் பொறியியலாளர் ஒருவர், இளம் பெண், சுவரில் ஒரு பெரிய வரைபடத்தை விரித்திருந்தார். வரைபடம் முழுவதும் புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியும் ஒரு மோதல். சில இடங்களில் புள்ளிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கறுத்துக் கிடந்தன. எங்கள் பஸ் தரிப்பைத் தேடினோம். அங்கே வெறும் வெள்ளைத் தாள்.

"இங்கே எங்கள் தாயைக் கார் இடித்தது" என்று சொன்னோம். அவர் திகதியைக் கேட்டுத் தன் கணினியில் தேடினார். பிறகு மெதுவாகக் கேட்டார்: "பொலிஸுக்கு அறிவித்தீர்களா?" இல்லை என்றோம். "நீங்கள் சொல்வதை நான் நம்புகிறேன். ஆனால் நான் நம்புவதால் இந்த வரைபடத்தில் ஒரு புள்ளி வராது" என்றார். குற்றம் சாட்டும் குரலில் அல்ல, வருத்தத்தோடுதான் சொன்னார்.

கூட்டம் முடிந்த பிறகும் அவர் நின்று, ஒரு புள்ளி எப்படி உண்டாகிறது என்று எங்களுக்கு விளங்கப்படுத்தினார். யாராவது காயப்பட்ட மோதல் என்றால் ஒன்ராறியோவில் சாரதி உடனே பொலிஸுக்கு அறிவிக்க வேண்டும் என்பது சட்டம். பொலிஸ் உத்தியோகத்தர் ஒரு படிவம் நிரப்புவார். எந்த இடம், என்ன நேரம், வெளிச்சம் எப்படி, வீதி ஈரமா காய்ந்ததா, வாகனம் நேரே வந்ததா திரும்பியதா, நடந்தவர் எங்கே கடந்தார், வயது என்ன, காயம் எவ்வளவு என்று ஒவ்வொன்றுக்கும் இடமுண்டு. நடந்ததைப் படமாகக் கீறவும் விவரமாக எழுதவும் இடமுண்டு. காயத்துக்கும் வகை இருக்கிறது. மருத்துவமனைக்குப் போகாத காயம் ஒன்று. அவசரப் பிரிவில் மருந்து கட்டி வீட்டுக்கு அனுப்பப்பட்ட காயம் இன்னொன்று. மருத்துவமனையில் அனுமதிக்கப்பட்டால் அது கடுங்காயம். 30 நாட்களுக்குள் இறந்தால் வீதி மரணம். இந்தப் படிவங்கள் மாகாணப் போக்குவரத்து அமைச்சுக்குப் போய் ஆண்டுக் கணக்காகின்றன. ரொறன்ரோவில் மரணமும் கடுங்காயமும் உண்டான மோதல்களின் விவரத்தை, 2006 ஆம் ஆண்டிலிருந்து, யாரும் எடுத்துப் பார்க்கக்கூடியதாகப் பொலிஸார் வெளியிட்டு வைத்திருக்கிறார்கள். ஆட்களின் பெயர் அதில் இல்லை.

எந்த வீதியில் விளக்குப் போடுவது, எங்கே வேகத்தைக் குறைப்பது, எங்கே கடவை அமைப்பது என்ற திட்டங்கள் இந்தக் கணக்கிலிருந்துதான் தொடங்குகின்றன. அம்மா ஐந்து நாட்கள் படுக்கையில் இருந்தவர். கடுங்காயம் என்ற வகையில் நிச்சயமாக வந்திருக்க வேண்டியவர். எங்கள் தம்பி சொன்ன இருட்டும், வானும், அறுபதும் அந்தப் படிவத்தில் ஏறியிருக்கும். ஒன்றும் ஏறவில்லை.

அன்றிரவு மகள் கணினியில் அந்த வரைபடத்தைத் திறந்து அம்மம்மாவுக்குக் காட்டினாள். "இது எங்கட கட்டடம், இது பஸ் ஸ்ரொப்" என்று விரலால் காட்டினாள். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கனநேரம் பார்த்தார். பிறகு கேட்டார்: "அப்ப எனக்கு ஒண்டும் நடக்கேல்லையோ?"

எங்களால் பதில் சொல்ல முடியவில்லை.

ஏன் அப்படிச் செய்தோம் என்று பிறகு பலமுறை யோசித்திருக்கிறோம். அந்தத் தம்பியில் இரக்கம் ஒரு காரணம். ஆனால் அது மட்டுமல்ல. வெளிநாடு வருவதற்கு முன் வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜில் மாதக்கணக்கில் இருந்தோம். அங்கே தமிழர் தங்கினால் பொலிஸில் பதிய வேண்டும். பெயர், ஊர், வந்த காரணம், எத்தனை நாள் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுக்க வேண்டும். அந்தத் தாளை வைத்துக்கொண்டு இரவில் வந்து கதவைத் தட்டுவார்கள். பதியாவிட்டாலும் ஆபத்து, பதிந்தாலும் ஆபத்து. அங்கே நாங்கள் படித்த பாடம் ஒன்றுதான்: எந்த அரசாங்கத் தாளிலும் எங்கள் பெயர் ஏறாமல் இருப்பதே புத்தி. உயிரைக் காத்த அந்தப் பாடத்தை மூட்டையோடு மூட்டையாக இங்கேயும் கொண்டுவந்துவிட்டோம். இங்கே அதே பாடம் எங்கள் வீதியை ஆபத்தில்லாத வீதி என்று பொய்ச்சாட்சி சொல்ல வைத்தது.

அம்மா சொல்லும் விதிக்கு இந்த நாடுகளும் ஒருகாலம் இடம் கொடுத்தவைதான். சாரதியின் கவனயீனம், நடந்தவரின் அவசரம், கெட்ட நேரம் என்று சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்த்தார்கள். 1997 ஆம் ஆண்டு அக்டோபரில் சுவீடன் நாட்டுப் பாராளுமன்றம் வேறு வழியைத் தெரிந்தெடுத்தது. மனிதர் பிழை விடுவார்கள், அது மாறாது. அந்தப் பிழைக்கு விலை உயிராக இருக்காதபடி வீதியை அமைப்பதே வீதியை அமைப்பவர்களின் பொறுப்பு என்று அங்கே முடிவாயிற்று. வீதியில் மரணமும் கடுங்காயமும் இல்லாத நிலையே இலக்கு என்பதால் அதற்குப் "பூச்சிய நோக்கு" என்று பெயர். பொலிஸ் படிவம் மட்டும் போதாது என்று கண்டு, 2003 ஆம் ஆண்டிலிருந்து சுவீடன் பொலிஸ் கணக்கையும் மருத்துவமனைக் கணக்கையும் ஒன்றாகச் சேர்த்துப் பார்க்கிறது. பொலிஸ் காணாத காயம் மருத்துவமனையில் தெரியும். நடந்து போகிறவர்களும் சைக்கிளில் போகிறவர்களும்தான் பொலிஸ் கணக்கில் அதிகம் விடுபடுகிறார்கள் என்பது பல நாடுகளில் கண்ட உண்மை. ஆனால் மருத்துவமனையிலும் "படியில் விழுந்தார்" என்று சொல்கிற எங்களைப் போன்றவர்களை எந்த நாட்டுக் கணக்கும் கண்டுபிடிக்காது.

ரொறன்ரோவிலும் இதே நோக்கில் 2016 ஆம் ஆண்டு ஒரு திட்டம் நிறைவேறியது. அந்த ஒரு வருடத்தில் மட்டும் நகர வீதிகளில் 78 பேர் இறந்தார்கள். திட்டத்தின் முதல் வரைவு, பத்து வருடங்களில் மரணத்தையும் கடுங்காயத்தையும் 20 வீதம் குறைப்பதையே இலக்காக வைத்திருந்தது. மற்ற 80 வீதம் பேர் யார் என்று மக்கள் கொதித்துக் கேட்ட பிறகுதான் இலக்குப் பூச்சியமாக மாறியது. 2019 ஆம் ஆண்டில் அதன் இரண்டாம் கட்டம் வந்தது. முதியவர்கள், அகன்ற பெருவீதிகள், சிக்னல்களுக்கு இடைப்பட்ட நீண்ட தூரங்கள், ஸ்காபரோ போன்ற புறப்பகுதிகள் என்று கணக்குக் காட்டிய இடங்களில் அது கவனம் வைத்தது. இதை வாசித்தபோது எங்கள் அம்மாவைப் பார்த்து எழுதியதுபோல இருந்தது.

வேகத்தின் கணக்கையும் அப்போதுதான் படித்தோம். அம்மா ஒரு செக்கனுக்கு ஏறத்தாழ ஒரு மீற்றர் நடப்பார். வீதியின் அகலம் 25 மீற்றர். கடந்து முடிக்க 25 செக்கன். மணிக்கு 60 கிலோமீற்றரில் வரும் கார் அந்த நேரத்துக்குள் 400 மீற்றருக்கு மேல் வந்துவிடும். அம்மா காலை வைக்கும்போது அந்தக் கார் கண்ணில் பட்டிருக்கவே மாட்டாது. இரண்டு பக்கமும் பார்த்தேன் என்று அம்மா சொன்னது முழு உண்மை. காய்ந்த வீதியில் 50 இல் வரும் கார், சாரதி ஆளைக் கண்டு பிரேக் பிடித்து நிற்க ஏறத்தாழ 35 மீற்றர் வேண்டும். 60 இல் வந்தால் 45 மீற்றர். மோதும் பலமும் 44 வீதம் கூடுகிறது. வெறும் பத்துக் கிலோமீற்றர் என்று நாங்கள் நினைப்பது ஒரு முதியவருக்கு உயிர் வித்தியாசம்.

கணக்கை வாசிக்கவும் நிதானம் வேண்டும். கூட்டத்தில் ஒருவர், தன் சந்தியில் ஒரு வருடம் 3 விபத்து நடந்ததாகவும், எச்சரிக்கைப் பலகை நட்டதும் அடுத்த வருடம் ஒன்றாகக் குறைந்ததாகவும் சொன்னார். ஒன்றும் செய்யாமல் விட்டிருந்தாலும் அது குறைந்திருக்கலாம் என்று பொறியியலாளர் விளக்கினார். ஒரு வருடம் தற்செயலாகக் கூடிய எண், அடுத்த வருடம் தானாகவே தன் சராசரியை நோக்கி இறங்கும். அதனால்தான் ஒரு வருடக் கணக்கை நம்பாமல் ஐந்து வருடம் வரை சேர்த்துப் பார்க்கிறார்கள், அதைப் போன்ற மற்ற இடங்களோடும் ஒப்பிடுகிறார்கள். இந்தத் துறையில் உலகம் மதிக்கும் அறிஞர்களில் ஒருவர் இதே ரொறன்ரோப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் எஸ்ரா ஹவர். இந்த மாயத்தில் ஏமாறாமல் முன்னையும் பின்னையும் ஒப்பிடுவது எப்படி என்று 1997 ஆம் ஆண்டு ஒரு நூலே எழுதியவர்.

இன்னொன்றும் சொன்னார்கள். புள்ளி இல்லாத இடம் எல்லாம் பத்திரமான இடம் அல்ல. பயத்தினால் ஒருவரும் நடக்காத வீதியிலும் புள்ளி இராது. ஆகவே புள்ளிகளை எண்ணுவதோடு நில்லாமல், புள்ளிகள் விழுந்த இடங்களுக்குப் பொதுவான குணம் என்ன என்று பார்க்கிறார்கள். அகலமான வீதி, 60 கிலோமீற்றர், நடுவழிப் பஸ் தரிப்பு, இருட்டு. அதே குணமுள்ள மற்ற வீதிகளையும், அங்கே இரத்தம் சிந்து முன்பே, திருத்தப் பார்க்கிறார்கள். ஆனால் வரிசை நீளம், பணம் அளவானது. யார் முதலில் என்ற கேள்வி வரும்போது புள்ளியுள்ள இடத்துக்குத்தான் வலிமை அதிகம்.

2021 ஆம் ஆண்டு பெப்ரவரியில் எங்கள் பஸ் தரிப்புக்கு முதல் புள்ளி விழுந்தது. எங்கள் கட்டடத்தில் ஏழாம் மாடியில் இருக்கும் பிலிப்பீன்ஸ் நாட்டுப் பெண், முதியோர் இல்லத்தில் இரவு வேலை முடித்து விடியற்காலையில் வந்தவர். கால் எலும்பு இரண்டு இடத்தில் முறிந்தது. அம்பியுலன்ஸ் வந்தது, பொலிஸ் வந்தது, படிவம் நிரம்பியது. அவரைப் பார்க்கப் போன அன்று நாங்கள் சரியாக நித்திரை கொள்ளவில்லை. இரண்டு வருடங்களுக்கு முன்னர் ஒரு புள்ளி விழுந்திருந்தால் இவர் கால் தப்பியிருக்கும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. தப்பியிருக்காது என்றும் சொல்ல முடியாது. அந்த இரண்டுக்கும் நடுவில்தான் எங்கள் மனம் இன்றைக்கும் நிற்கிறது.

அதன் பிறகு, கீழ்த்தளத்தில் உடுப்புத் தோய்க்கும் அறையில் கதை தொடங்கியது. எங்கள் கதையை முதலில் நாங்களே சொன்னோம், பொய்யையும் சேர்த்துச் சொன்னோம். அது மற்றவர்களின் வாயைத் திறந்தது. ஓர் ஆப்கானிஸ்தான் நாட்டுப் பெரியவரின் கையைக் காரின் கண்ணாடி அடித்திருக்கிறது. ஒரு தமிழ் மாணவனின் காலில் சில்லு ஏறியிருக்கிறது. ஒரு தாய் பிள்ளையின் தள்ளுவண்டியை இழுத்துக்கொண்டு பின்னுக்கு விழுந்திருக்கிறார். எண்ணிப் பார்த்தால் நான்கு வருடத்தில் ஐந்து சம்பவங்கள், எங்கள் ஒரு கட்டடத்தில் மட்டும். வரைபடத்திலோ ஒரு புள்ளி.

எல்லாவற்றையும் திகதி, நேரம், வெளிச்சம், எந்தத் திசை என்று ஒரு தாளில் எழுதினோம். எங்கள் தம்பியைக் கூப்பிட்டோம். அவருக்கு அதற்குள் கேஸ் சரிவந்துவிட்டது. தான் கண்டதைத் தானே எழுதிக் கையெழுத்து வைத்தார். 311 க்கு அறிவித்தோம், எங்கள் வட்டார நகரசபை உறுப்பினருக்கும் அனுப்பினோம். அது பொலிஸ் படிவத்துக்கு ஈடாகாது என்று முன்னரே சொல்லிவிட்டார்கள். ஆனாலும் ஆட்கள் வந்து பார்த்தார்கள். எட்டு மணித்தியாலத்தில் எத்தனை பேர் அந்த இடத்தில் கடக்கிறார்கள், எவ்வளவு நேரம் காத்து நிற்கிறார்கள் என்று எண்ணினார்கள். அன்றைக்கு அம்மாவும் வேண்டுமென்றே இரண்டு தரம் கடந்தார். "என்னையும் எண்ணட்டும்" என்றார்.

முதலில் வேக எல்லை 60 இலிருந்து 50 ஆனது. எரியாத விளக்குகள் எரிந்தன. 2023 ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில், பொத்தானை அமத்திக் கடக்கும் சிக்னல் ஒன்று பஸ் தரிப்புக்குப் பக்கத்தில் வந்தது.

இலக்கங்கள் இருந்தால் எல்லாம் தானாக நடந்துவிடும் என்று நாங்கள் சொல்லவில்லை. ரொறன்ரோவின் குழந்தைகள் மருத்துவமனை ஆய்வாளர்கள், பாடசாலை வலயங்களில் வேகக் கமரா வைத்த இடங்களில் எல்லை மீறிய வாகனங்களின் விகிதம் 45 வீதம் குறைந்ததாக 2025 ஆம் ஆண்டு வெளியிட்டார்கள். அதே வருடம் நவம்பர் 14 ஆந் திகதி முதல் மாகாண அரசு அந்தக் கமராக்களைத் தடைசெய்துவிட்டது. கணக்கு ஒரு சாட்சி. தீர்ப்பை மனிதர்தான் சொல்கிறார்கள். ஆனால் சாட்சியே இல்லாத வழக்கை யாரும் விசாரிப்பதும் இல்லை.

புதிதாக வந்திருக்கும் குடும்பங்களுக்கு எங்கள் அனுபவத்திலிருந்து சிலவற்றைச் சொல்ல விரும்புகிறோம்.

ஒருவருக்குக் காயம் என்றால், சிறிது என்று தோன்றினாலும், 911 ஐ அழையுங்கள். வயதானவர்களுக்கு நோ மூன்றாம் நாள்தான் தெரியும். காரின் இலக்கம், நேரம், இடம், வெளிச்சம் எப்படி இருந்தது என்பவற்றைக் குறித்து வையுங்கள். பொலிஸ் படிவத்தில் காயப்பட்டவரின் பெயர் ஏறுவது குற்றப்பதிவு அல்ல. வீதியில் என்ன நடந்தது என்ற பதிவு அது.

மருத்துவமனையில் உண்மையைச் சொல்லுங்கள். நடந்து போகிறவரைக் கார் இடித்தால், அவரிடம் கார் இல்லாவிட்டாலும், மருத்துவத்துக்கும் உடற்பயிற்சிச் சிகிச்சைக்கும் வாகனக் காப்புறுதியிலிருந்து உதவி பெற இந்த மாகாணத்தில் வழியுண்டு. 7 நாட்களுக்குள் காப்புறுதி நிறுவனத்துக்கு அறிவிக்க வேண்டும். எங்கள் பொய்யினால் அம்மா இழந்தவற்றில் அதுவும் ஒன்று.

கார் ஓட்டும் தம்பி, தங்கையருக்கு ஒரு வார்த்தை. மோதல் யாருக்கும் நடக்கலாம். நடந்ததை மறைத்துவிட்டுப் போவதுதான் உங்கள் கேஸையும் வாழ்க்கையையும் கெடுக்கும் பெரிய குற்றம். நின்று, உதவி செய்து, அறிவியுங்கள். அந்தத் தம்பியைப் போகவிட்டதால் நாங்கள் அவருக்கும் நன்மை செய்யவில்லை. யாராவது கண்டு சொல்லியிருந்தால் அவர் நிலை என்னவாகியிருக்கும் என்று இப்போது நினைத்தாலும் பயமாக இருக்கிறது.

மோதல் நடக்காவிட்டாலும், எரியாத விளக்கு, கடக்க முடியாத இடம், தினமும் ஆட்கள் தப்பிப் பிழைக்கும் சந்தி என்பவற்றை 311 க்குச் சொல்லுங்கள். ஆங்கிலம் வராவிட்டால் தமிழில் கதைக்க மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். திட்டம் போடுகிறவர்கள் எங்கள் கட்டடத்தில் இல்லை. எங்கள் வீதியை அவர்கள் எங்கள் கண்ணால்தான் பார்க்க முடியும்.

அம்மா இப்போதும் கோவிலுக்குப் போகிறார். ஒரு காலைச் சற்று இழுத்துத்தான் நடக்கிறார். பொத்தானை அமத்திவிட்டு, வெள்ளை மனிதன் படம் எரியும்வரை பொறுமையாக நிற்கிறார். ஏழு லேன் வாகனங்களும் நிற்க, நடுவால் போகிறார். வழக்கை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. "இந்த லைற் வந்ததும் விதிதான்" என்கிறார். நாங்களும் இப்போது வாதாடுவதில்லை.

ஆனால் நவம்பர் வரும்போதெல்லாம் அந்த வரைபடத்தை ஒருமுறை திறந்து பார்க்கிறோம். பிலிப்பீன்ஸ் பெண்ணின் புள்ளி இருக்கிறது. அம்மாவின் புள்ளி இல்லை. இனி வரப்போவதும் இல்லை. அதை வைத்திருக்க வேண்டியவர்கள் நாங்கள்தான். உங்கள் வீதியில் அப்படி ஒரு வெற்றிடத்தை நீங்கள் விட்டுவைக்காதீர்கள்.